கதவத் திறங்க... ஓவர்

இதை நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் கடைசிப் பகுதியை என் காதால் கேட்டேன். கேட்ட பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். சனிக்கிழமை மதியம். நேரம்கூடச் சரியாகத் தெரியும். 2:40.

எங்கள் ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கும் டெக்னீஷியன் ஒருத்தி இருக்கிறாள். எல்லோருக்கும் அவள் காதக்கா. பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார். வயது நாற்பத்திரண்டு. எதற்கும் பயப்படாத ஜாதி. சத்தமே நுழையாத சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் நோயாளியை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்பிச் சோதிப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அடைத்த அறைதான் அவளுக்கு ஆபீஸ். மூடிய கதவைப் பார்த்து மிரளும் ஆள் அவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அவளுக்கு ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு வானொலியில் பேசும் பொழுதுபோக்கு அது. வீட்டில் இருப்பவர்களிடம் பேச நேரமில்லை, ஆகாயத்தில் போகிறவனிடம் பேசுகிறாள் என்று அவள் கணவர் அலுத்துக்கொள்வார்.

அவளுடைய ரேடியோ சங்கத்துக்கு ஒரு புகார் வந்திருந்தது. தினமும் மதியம் 2:40 ஆனால் ஒரே அலைவரிசையில் யாரோ டிரான்ஸ்மிட்டரைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். வெறும் அலை. பன்னிரண்டு நிமிடம். 2:52க்கு நின்றுவிடும். சங்கத்துக்காரர்கள் திசை காட்டும் ஆண்டெனாவோடு தெருத்தெருவாக அலைந்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவரின் வீடு. அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இப்போது அவருடைய ரேடியோ செட் தம்பியிடம். தம்பி பஸ் டிரைவர். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர். காதக்காவுக்கு அவரே போன் செய்தார்.

“அக்கா, அண்ணன் விட்டுட்டுப் போன செட்டுங்க. கம்ப்யூட்டரோட சேர்த்தா அதுவா டிரான்ஸ்மிட்டுக்குப் போயிடுது. எப்படி நிறுத்தறதுன்னே தெரியல. ஆனா 2:40க்கு நான் வண்டியில இருப்பேங்க. சத்தியமா நான் எதையும் தொடறதில்ல.”

“செட்ட ஆஃப் பண்ணிட்டுப் போறீங்களா?”

“இல்லக்கா. சிக்னல் பதிவாகட்டும்னு ஆன்லயே வெச்சுட்டுப் போவேன்.”

“அப்ப கம்ப்யூட்டர் வேலைதான். நான் வந்து பாக்கறேன்.”

அக்கா சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். இது ஊரறிந்த கோளாறு. கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே போகும் கேபிளில், ‘அனுப்பு’ என்று சொல்ல ஒரு தனிக் கம்பி உண்டு. கம்ப்யூட்டர் தன் போக்கில் அந்தக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்துவிட்டால், யாரும் தொடாமலே செட் அனுப்ப ஆரம்பித்துவிடும். செட்டிங்கில் ஓரிடத்தை மாற்றினால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை.

சனிக்கிழமை 2:05. டிரைவருக்கு அன்று லீவு. பஸ் நிறுத்தத்திலிருந்து டிரைவரே அவளை அழைத்துப் போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அண்ணி வேலைக்குப் போயிருந்தார், ஆறு மணிக்குத்தான் வருவார். ரேடியோ அறை தரைக்குக் கீழே. பதினோரு படி இறங்க வேண்டும்.

நாலடி எடுத்து வைத்தால் எதிர்ச் சுவர் வந்துவிடும். ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு. அதற்கடியில் மின்தொல்லை வராமலிருக்கச் செம்பு வலை. கதவு ஒரு சாண் கனம். பழைய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அண்ணன் வாங்கி வந்ததாம். உள்பக்கக் கைப்பிடி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

“அண்ணனுக்கு என்ன ஆச்சு?” என்று அக்கா கேட்டாள்.

“ஹார்ட் அட்டாக்.” டிரைவர் கதவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “பட்டுனு போயிட்டார்.”

கேபிளைப் பார்த்ததும் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். முனையில் உறை கிழிந்து கம்பி தெரிந்தது. புதிது ஒன்று வேண்டும் என்றாள். “மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லையாக்கா?” என்று கேட்டுவிட்டு டிரைவர் கிளம்பினார். 2:18. மேலே வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று தன் கைப்பையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்தாள். பிறகு வேலையில் இறங்கினாள்.

கம்ப்யூட்டரில் மென்பொருளைத் திறந்ததுமே செட்டின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரான்ஸ்மிட். மூடினாள். அணைந்தது. மறுபடி திறந்தாள். எரிந்தது. நினைத்தபடியே கம்பியின் வேலைதான். செட்டிங்கில் அந்தக் கம்பியை ‘எப்போதும் அணை’ என்று மாற்றினாள். திறந்தாள். சிவப்பு இல்லை. ஐந்து தடவை சோதித்தாள். ஐந்து தடவையும் சரி.

2:29. வேலை முடிந்தது. கிழிந்த கேபிள் இனி எதற்கு என்று செட்டின் முதுகிலிருந்து பிடுங்கி மேஜையில் போட்டாள்.

2:33.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்கா கேபிளைப் பார்த்தாள். மேஜையில் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. அதன் மறுமுனை கம்ப்யூட்டரில் இருந்தது. இந்த முனை எதிலும் இல்லை.

சரி, குரல் கேட்டால் தானாக அனுப்பும் வசதி ஒன்று இந்த செட்டுகளில் உண்டு. அது ஆனாகி இருக்கலாம். மெனுவில் போய்ப் பார்த்தாள். ஆஃப் என்றுதான் இருந்தது.

மைக்? பொத்தான் சிக்கியிருக்குமோ? மேஜை மைக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

“அப்பாடா... நீதானா” என்று மைக்கிடம் சொன்னாள். பொத்தானைத் துடைத்து, ஊதி, திரும்பச் சொருகினாள்.

அப்போதுதான் காதில் ஓர் அழுத்தம். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்குமே, அப்படி. அக்காவுக்கு அது பழகிய உணர்வு. அவளுடைய கண்ணாடிக் கூண்டின் கதவு மூடும்போது தினமும் வருவது.

திரும்பினாள்.

கதவு சாத்தியிருந்தது.

கைப்பை கதவருகே இல்லை. அவளுக்குப் பின்னால், இன்னொரு நாற்காலியில் இருந்தது. நிமிர்த்தி, ஜிப் போட்டு, ஒருவர் உட்கார வைத்த மாதிரி.

2:36.

அக்கா எழுந்து போய்க் கைப்பிடியை அழுத்தினாள். கீழே இறங்கியது. மேலே வந்தது. எதுவும் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். தண்ணீருக்குள் கை விட்டுத் துழாவுகிற மாதிரி, பிடிமானமே இல்லாமல் சுற்றியது.

தோளால் இடித்தாள். தட்டினாள். கத்தினாள். ஸ்பாஞ்சு அத்தனையையும் விழுங்கியது. தன் குரலே தனக்குப் பாதிதான் கேட்டது.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. எப்படி இருக்கும்? சுற்றிலும் செம்பு வலை.

‘பதறாதே. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்தாள். அப்போது ஒன்று உறைத்தது. கதவைச் சுற்றிலும் தடித்த ரப்பர். காற்று வருவது கதவுக்கு மேலே இருக்கும் சின்ன மின்விசிறித் துளையால் மட்டும்.

அந்த விசிறி சுற்றவில்லை.

வரும்போது சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போதும் புத்தி வேலை செய்தது. எதிரில் ரேடியோ இருக்கிறதே! இதைவிட நல்ல போன் ஏது? மைக் பொத்தானை அழுத்தினாள்.

சிவப்பு எரியவில்லை.

அழுத்தி அழுத்தி விட்டாள். செத்த பொத்தான். கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பப் பார்த்தாள். கட்டளை போனது. செட் அசையவில்லை. நிறுத்த முடியாத செட் என்று சரிபார்க்க வந்தவளுக்கு, இப்போது அதை ஆரம்பிக்க முடியவில்லை.

கேபிளைப் பிடுங்கிப் போட்டாள். நெற்றி வியர்த்தது. அறை சூடாகிக்கொண்டிருந்தது.

2:40.

சிவப்பு விளக்கு, தானாக எரிந்தது.

“அவசரம்! யாராவது இருக்கீங்களா? நான் ஒரு ரூமுக்குள்ள மாட்டிக்...”

அணைந்தது.

வாயை மூடினாள். எரிந்தது.

“ஹலோ!”

அணைந்தது.

அவள் பேசினால் அணைகிறது. பேசாமல் இருந்தால் எரிகிறது. குரல் கேட்டால் அனுப்பும் வசதியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. அப்படியொரு வசதி எந்த செட்டிலும் கிடையாது.

அக்கா அசையாமல் உட்கார்ந்தாள். திரையில் மைக்கின் ஒலி அளவைக் காட்டும் பட்டை இருந்தது. அறையில் துளிச் சத்தம் இல்லை. பட்டை மேலே ஏறியது. இறங்கியது. ஏறியது... இறங்கியது. நிதானமாக. நாலு நொடிக்கு ஒரு தடவை.

மைக்குக்கு ஏதோ கேட்கிறது.

தனக்குக் கேட்காத ஏதோ.

செட்டில் ‘மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. தான் என்ன அனுப்புகிறோம் என்பதைத் தானே கேட்க. அக்கா ஹெட்ஃபோனை எடுத்தாள். பதினாறு வருடமாக மற்றவர்களுக்கு மாட்டியதை இப்போது தன் காதில் மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

மூச்சு.

ஒரு மனிதர் மூச்சு விடுகிற சத்தம். என் மூச்சாகத்தான் இருக்கும் என்று நினைத்து அக்கா தன் மூச்சை அடக்கினாள். ஒன்று... இரண்டு... மூன்று... பத்து வரை எண்ணினாள்.

ஹெட்ஃபோனில் மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு, தப்... தப்... தப்...

உள்ளங்கையால் கதவை அறையும் சத்தம். அக்கா கதவைப் பார்த்தாள். கதவு சும்மா இருந்தது. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். அந்தக் காதுக்கு நிசப்தம். மறு காதில்...

தப்... தப்... தப்...

“கதவத் திறங்க... ஓவர்.”

ஓர் ஆண் குரல். களைத்த குரல். ‘ஓவர்’ சொன்னதும் விளக்கு அணைந்தது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் செட் சற்று நேரம் இரைந்தது. மறுபடி சிவப்பு.

“கதவத் திறங்க... ஓவர்.”

நாலாவது தடவை, தூரத்திலிருந்து யாரோ பதில் கொடுத்தார்.

“யாருங்க அது? பேரோ அழைப்புக் குறியோ சொல்லுங்க. ஓவர்.”

உயிருள்ள மனிதர்! அக்கா பொத்தானை அழுத்தினாள். செத்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது.

கம்பி.

கேபிளைப் பிடுங்கிய துளை செட்டின் முதுகில் திறந்து கிடந்தது. அதில் எந்த இரண்டு முனைகளைச் சேர்த்தால் செட் அனுப்பும் என்பது அவளுக்குத் தெரியும். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். வளைத்தாள். கையை மேஜைக்குப் பின்னால் விட்டுத் தடவி, இரண்டு முனைகளுக்கும் நடுவே சொருகினாள்.

சிவப்பு!

“அவசரம்! அவசரம்! ஒரு பேஸ்மென்ட் ரூம்ல மாட்டிக்கிட்டேன். காத்து இல்ல. உதவி அனுப்புங்க!”

அணையவில்லை. பின்னை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“கேக்குதும்மா. பயப்படாதீங்க. எந்த ஊரு, எந்தத் தெரு? கதவு நம்பர் என்ன? ஓவர்.”

ஊரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். நம்பர்...? டிரைவர் கூடவே நடந்து வந்ததில் அவள் நம்பரைப் பார்க்கவே இல்லை.

“நாப்பத்தேழு.”

ஹெட்ஃபோனில் அந்தக் குரல். மெதுவாக. உதவுகிற மாதிரி.

“நாப்பத்தேழு” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் உடம்பு சிலிர்த்தது.

“நாப்பத்தேழு. சரிம்மா. அங்க எனக்கு ஆள் இருக்கு, உடனே அனுப்பறேன். ஆமா... உங்க கூட இன்னொருத்தர் பேசறாரே, அவர் யாரு? ஓவர்.”

அக்கா பின்னைச் சொருகினாள். “யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்.”

பின்னை எடுத்தாள்.

சிவப்பு அணையவில்லை.

பின் அவள் கையில்தான் இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டாள். போட்டும்...

மூச்சு கேட்டது.

மைக் வழியாக இல்லை.

வலது காதுக்குப் பக்கத்தில்.

சூடாக.

கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. காதில் அடைப்பு விட்டதும் கண்ணைத் திறந்தாள். அறை வாசலில் டிரைவர் நின்றிருந்தார். 2:52.

“கடை பூட்டியிருக்குன்னு வழியில சொன்னாங்கக்கா, பாதியிலயே திரும்பிட்டேன். ஏங்க்கா கதவ சாத்திக்கிட்டீங்க?”

அக்கா அவரைத் தள்ளிவிட்டு பதினோரு படியையும் கைகளை ஊன்றி ஏறினாள். வெளியே வெயிலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். டிரைவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்பக்கக் கைப்பிடியை அவர் சோதித்துப் பார்த்தாராம். நன்றாகவே திறந்ததாம்.

எல்லாவற்றையும் கேட்டபின் டிரைவரின் முகம் வெளிறிவிட்டது.

“உங்ககிட்ட மறைச்சது தப்புதான்க்கா. அண்ணன் அந்த ரூம்லதான் காத்து இல்லாம போனார். பழைய கைப்பிடி உள்ளுக்குள்ள உடைஞ்சிருக்கு, திறக்க முடியல. அன்னிக்குத்தான் முதல் தடவையா கம்ப்யூட்டரோட இணைச்சாராம். செட் கேக்குது, அனுப்பல. அண்ணி ஆறு மணிக்கு வந்து திறந்தப்ப... மைக்கைப் பிரிச்சு, ஒவ்வொரு ஒயரா கழட்டிப் போட்டிருந்தார். கடைசி வரைக்கும் சரிபண்ணிப் பாத்திருக்கார்.”

“நாப்பத்தேழாம் நம்பர் வீடு இதானே?”

“இது பன்னிரண்டுக்கா. இந்தத் தெருவுல மொத்தமே முப்பத்தோரு வீடுதான்.”

உதவிக்கு வந்தவர்கள் இல்லாத நாற்பத்தேழைத் தேடி ஒரு மணி நேரம் அந்தத் தெருவில் அலைந்தார்கள். கடை திறந்திருந்தால்? டிரைவர் பாதியில் திரும்பாமல் இருந்திருந்தால்? அக்கா அதை இன்றும் யோசிக்க மாட்டாள்.

அன்று மாலையே செட்டைக் கழற்றிச் சங்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆண்டெனாவை அறுத்துவிட்டார்கள். அறைக் கதவைப் பெயர்த்து எடுத்தாகிவிட்டது.

இவ்வளவும் அக்கா சொல்லி எனக்குத் தெரிந்தது. இனி வருவதற்கு நானே சாட்சி.

அடுத்த புதன்கிழமை. ஆஸ்பத்திரியில் அக்காவின் மேஜைக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒரு போன் வந்தது. அன்று பதில் கொடுத்தவர். தூரத்து ஊரில் பேக்கரி வைத்திருப்பவர், அடுப்பு வேலை முடிந்து மதியத்தில் ரேடியோ கேட்பவர். சங்கத்தில் நம்பர் வாங்கியிருக்கிறார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கேங்க. உங்க புண்ணியம்.”

“ஒண்ணு கேக்கணும். எட்டு மாசமா மதியம் அந்த அலைக்கு அடியில ஒரு ஆம்பளக் குரல் வரும்மா. ரொம்ப மங்கலா. வேற ஸ்டேஷன் கலக்குதுன்னு விட்டுட்டேன். சனிக்கிழமைதான் தெளிவா கேட்டுச்சு. நீங்க பேசி முடிச்சப்புறம் கடைசியா அவர் ஒண்ணு சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘ஆள் வந்தாச்சு. நான் கிளம்பறேன்’னு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“அதுக்கப்புறம் அந்தக் குரல் வரவே இல்லம்மா” என்றார் பேக்கரிக்காரர். “ஆனா அலை வருது. தினமும். அதே நேரம். இதோ, இப்பக்கூட... இருங்க, போனை செட்டுகிட்ட வெக்கறேன்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 2:41.

போனில் இரைச்சல். கரகரப்பு. பிறகு...

தப்... தப்... தப்...

“கதவத் திறங்க... ஓவர்.”

பெண் குரல்.

எதிரே காதக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போனில் வந்தது அவள் குரல்.